பத்து ஃபேனும் சுவத்து ஓட்டையும்

ஏப்ரல் 21, திங்கள்

புது எடிட்டிங் மிஷின் வந்துருச்சு, கம்ப்யூட்டர்தான். சிவகாசி ஆல்பக்காரன் குடுத்த இந்த டைரி பொங்கல்ல இருந்து சும்மா கெடக்கு. இன்னைக்கு எழுத ஆரம்பிக்கிறேன். எனக்கு வர்ற கோவத்தை வாயால சொன்னா "மங்கைக்கு வாய் நீளம்"ங்குறாங்க. எழுதுனா யாரு காதுலயும் விழாதுல்ல.

பழைய மிஷின் செத்துப் பொழைச்சுக்கிட்டு இருந்துச்சு. மூடியைக் கழட்டி வீசிட்டு, பக்கத்துல டேபிள் ஃபேனை வச்சு, அது வயித்துக்குள்ள ஊதவிட்டுத்தான் இம்புட்டு வருசமா அருப்புக்கோட்டையில பாதிக் கல்யாண வீடியோவை நான் வெட்டி ஒட்டியிருக்கேன். நான் இருக்கிறது ஸ்டுடியோவுக்குப் பின்னாடி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. சித்திரையில அங்க மாவை ஊத்தி வச்சா இட்லி வெந்துரும். டேபிள் ஃபேன் மிஷினுக்கு. எனக்கு அட்டை விசிறி.

சேது டிஜிட்டல் ஸ்டுடியோன்னு போர்டுல இருக்கிற சேது என் அண்ணன். கேமரா பிடிக்கிறது அவரு. எடிட்டிங் முழுக்க நானு. புது மிஷின் வாங்குனா முன்னாடி ஏசி ரூமுல போட்டுருவோம், நீ அங்க வந்து ராணி மாதிரி உக்காந்து வேலை பாருன்னு தை மாசமே சொன்னாரு. எந்த கார்டு, எம்புட்டு மெமரின்னு நாந்தான் பாத்துப் பாத்துச் சொன்னேன். ஆனா அதெல்லாம் மாட்டுற பெட்டியை மட்டும் கிஷோர் பாத்து எடுத்துட்டான். கிஷோர் எங்க அண்ணியோட தம்பி. ட்ரோன் பறக்க விடுறேன்னு மதுரையில இருந்து வந்து இங்க டேரா போட்டிருக்கான். அவன் எடுத்த பெட்டிக்கு மூணு பக்கம் கண்ணாடி. மீன்தொட்டியேதான், மீன் மட்டும் இல்ல. உள்ள மாட்ட பத்து ஃபேனு, அம்புட்டும் கலர் லைட்டு. கலர் மாத்துறதுக்கு ரிமோட்டு வேற.

என்ன எழவோ இருந்துட்டுப் போகட்டும். ஏசி ரூம்ல உக்காரப் போறேன்.

ஏப்ரல் 23, புதன்

செவ்வாய்க்கிழமை புதுச் சாமானைப் பிரிக்கக் கூடாதுன்னு அண்ணி சொன்னதால நேத்து பூராம் பெட்டி பெட்டியாவே கெடந்துச்சு. இன்னைக்குத்தான் மாட்டுனான்.

ஒரு ஃபேனுக்கு ரெண்டு மூஞ்சி. ஒரு பக்கம் றெக்கையும் லைட் வளையமும் பளபளன்னு இருக்கும். மறுபக்கம் குறுக்குக் கம்பி, மோட்டார் மேல ஸ்டிக்கர், ஒயரு, பாக்க லட்சணமா இருக்காது. கிஷோர் என்ன செஞ்சான்னா, கீழ மூணு, பக்கவாட்டுல மூணு, மேல மூணு, பின்னாடி ஒண்ணு, பத்தையும் பளபள மூஞ்சி உள்பக்கம் பாக்குற மாதிரி மாட்டிட்டான். அப்பத்தான் கண்ணாடி வழியா ரோட்டுல போறவனுக்குத் தெரியுமாம். காத்து எங்கிட்டு வருது, எங்கிட்டுப் போகுதுன்னு கேட்டேன். "அக்கா, பத்து ஃபேன் இருக்கு. காத்து எங்கிட்டாவது போகும்"ங்குறான். அந்த வாய்க்கு ஒரு அறை விடணும்னு கை பரபரத்துச்சு.

அண்ணி வந்து சந்தனத்தை எடுத்து மேல் சல்லடையிலயே அப்பிருச்சு. துடைக்கப் போனா "பொட்டு வச்சதைத் துடைக்கக் கூடாது மங்கை"ங்குது. இந்த வீட்டுல எதுக்குத்தான் சாங்கியம் இல்ல?

ஏப்ரல் 24, வியாழன்

பேனா அமுக்குற அமுக்குல தாளு கிழியுது. ஆத்திரத்துல.

காலையில என் சீட்டு மெத்தை, தண்ணி பாட்டில், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாத்தையும் தூக்கிட்டு முன்னாடி போனேன். ஆல்பம் அடுக்குற கண்ணாடி ஷோகேஸை ஒழிச்சு, அதுக்குள்ள மிஷினை ரோட்டைப் பாக்க வச்சிருக்காங்க. செவப்பு, நீலம், பச்சைன்னு மாறி மாறி எரியுது. முன்னாடி ரேஸ் கார் சீட்டு மாதிரி ஒரு நாற்காலி. அதுல கிஷோர்.

அண்ணன் என்னை மாடிப்படிக்குக் கீழ தள்ளிக்கிட்டுப் போயி மெதுவாச் சொல்றாரு. இப்போதைக்கு அவன் உக்காரட்டுமாம். இந்தக் காலத்துல முன்னாடி எளவட்டமா ஒரு ஆள் இருந்தாத்தான் மதிப்பாம். வர்றவன் போறவனுக்கெல்லாம் பதில் சொல்ற தொல்லை எனக்கு எதுக்காம். அப்ப வேலையை யாரு பாக்குறதுன்னு கேட்டேன். நாந்தானாம். அதுக்கும் ஒரு வழி யோசிச்சு வச்சிருக்காரு. சுவத்துல ஓட்டை போட்டு, கேபிளை உள்ள இழுத்து, பின்னறையில எனக்கு ஒரு மானிட்டரு, ஒரு கீபோர்டு.

கேபிள் வாங்கி வந்து வச்சாச்சு. நீளம் அளந்து வாங்குனது. அப்ப எப்பவோ முடிவு பண்ணியிருக்காரு! ராணி மாதிரின்னு சொன்ன வாயி.

ஏப்ரல் 25, வெள்ளி

ஓட்டை போட்டாச்சு. மத்தியானம் என் சோத்துத் தட்டுல செங்கல் தூசி. அண்ணி வேற தட்டுல சோறு போட்டுக் கொண்டாந்துச்சு. நான் தொடல.

ஏப்ரல் 29, செவ்வாய்

இந்தக் கூத்தை எழுதி வைக்கலைன்னா பின்னாடி நானே நம்ப மாட்டேன்.

நான் பின்னறையில என்ன செய்யிறேனோ அதே படம் முன்னாடி மானிட்டர்லயும் ஓடுது. கிஷோர் அதுக்கு முன்னாடி உக்காந்து மவுசை ஆட்டுறான், கீபோர்டைத் தட்டுறான். மொதல்ல அவன் கீபோர்டையும் மிஷின்லதான் சொருகியிருந்தாங்க. நேத்து அந்தக் கோணங்கி தட்டுன தட்டுல நான் கோத்து வச்சிருந்த மாலை மாத்துற சீன் அம்புட்டும் காணாமப் போச்சு. கத்துனேன். உடனே அண்ணன் ஒரு தீர்வு கண்டுபிடிச்சிட்டாரு. அவன் கீபோர்டை மொபைல் சார்ஜர்ல சொருகிட்டாரு. லைட் எரியும், எழுத்து விழாது.

இன்னைக்கு ஒரு அப்பாவும் மகளும் வந்து அரை மணி நேரம் வாயைப் பொளந்து பாத்துட்டுப் போனாங்க. "தம்பி என்னா வேகம்!"னு அந்த மனுசன் சொன்னது ஓட்டை வழியா எனக்குக் கேட்டுச்சு. வேகமா வெட்டுனது நானு. மொபைல் சார்ஜர்ல வாசிச்சவனுக்குப் பாராட்டு.

போறப்ப பத்திரிகை வச்சுட்டுப் போனாங்க. மொதப் பத்திரிகைன்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவித்தான் குடுப்பாங்க. அண்ணிதான் வாங்கும். நான் இந்தக் கடையில பத்திரிகை வாங்குனதே இல்ல. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. மஞ்சக் கறை கையில ஒட்டுனா லேசுல போகாது.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்னைக்கு ஆரம்பம். ஷோகேஸ் மேக்குப் பாத்தது. சாயங்கால வெயிலு மிஷின் மேல சுள்ளுன்னு விழுது. மூணு மணிக்கு மேல ரெண்டு தடவை மிஷின் தானா அமந்துருச்சு. சூடு தாங்காமத்தான். திரையில சூடு காட்டுற எண்ணைப் பாத்தாலே தெரியுது. பத்து ஃபேனு! ஒரு ஓட்டை டேபிள் ஃபேனுல ஓடுன பழைய மிஷின் கூட இப்படிப் பண்ணல.

நான் எஃபெக்ட் நெறைய போடுறேன், அதான் தாங்க மாட்டேங்குதுன்னு கிஷோர் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கான். அண்ணனும் வந்து "கொஞ்சம் பாத்துப் போடு மங்கை"ங்குறாரு. எஃபெக்டுன்னா என்னன்னு ரெண்டு பேருல ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

டேபிள் ஃபேனை இப்ப என் பக்கம் திருப்பி வச்சிருக்கு. யாரு வச்சாங்கன்னு தெரியல. வீட்டுல நாங்க நாலு பேருதான்.

மே 9, வெள்ளி

கண்டுபிடிச்சிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடை தொறந்ததும் அண்ணி கல்லாவுக்கு, கேமராவுக்கு, அப்புறம் இந்த மீன்தொட்டிக்குன்னு ஊதுபத்தி காட்டும். ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நான் முன்பக்கம் கூட்டிக்கிட்டு இருந்தேன். அண்ணி குனிஞ்சு கண்ணைக் கசக்குது. "இந்தச் சனியன் புகையை என் மூஞ்சியிலயே ஊதுது. எங்கிட்டுக் காட்டுனாலும் திருப்பி ஊதுது"ன்னு பொலம்புச்சு.

வெளக்கமாத்தைப் போட்டுட்டு ஊதுபத்தியை வாங்குனேன். கீழ காட்டுனா வெளிய ஊதுது. பக்கவாட்டுல வெளிய. மேல வெளிய. பின்னாடி வெளிய. பத்துல ஒண்ணு கூட காத்தை உள்ள இழுக்கல! பளபள மூஞ்சி பக்கம் காத்தை இழுத்து, கம்பி இருக்கிற பக்கம் தள்ளுறதுதான் ஃபேனோட வேலை. இவன் பத்து மூஞ்சியையும் உள்ள திருப்பி வச்சதுல பத்தும் காத்தை வெளிய தள்ளுது. புதுக் காத்து வர வழியே இல்ல. வெளிய தள்ளுன சூடும் எங்க போகும்? ஷோகேஸுக்குள்ளயே சுத்துது.

அண்ணன்கிட்ட புகையைக் காட்டி வெவரமாச் சொன்னேன். கீழ மூணையும் பக்கவாட்டு மூணையும் திருப்பி மாட்டுனாப் போதும், நானே மாட்டிருவேன்னேன். கிஷோர் குதிக்கிறான். கம்பியும் ஸ்டிக்கரும் தெரியுமாம், லுக்கே போயிருமாம். வெளிநாட்டு வீடியோவுல எல்லாரும் இப்படித்தான் மாட்டுறாங்களாம். வெளிநாட்டுல அருப்புக்கோட்டை வெயிலு அடிக்குதாடான்னு கேட்டேன். அண்ணன் சிரிக்கக் கூட இல்ல. முகூர்த்த சீசன் முடியட்டும், அப்புறம் பாப்போம்னாரு. இம்புட்டு செலவு பண்ணி வாங்குனதே அது வெளிய தெரியத்தானாம்.

நல்லாத் தெரியட்டும்.

மே 13, செவ்வாய்

தண்ணி லாரி வரல. துணி ஊற வச்சது ஊறிக்கிட்டே கெடக்கு. மிஷின் மூணு தடவை அமந்துச்சு.

மே 18, ஞாயிறு

எண்ணெய் மில்லுக்காரங்க வீட்டுக் கல்யாணம் எங்களுக்கு வந்திருக்கு. இருபத்தெட்டாம் தேதி. காலையில எடுக்கிற முகூர்த்தத்தை அன்னைக்குச் சாயங்காலமே வெட்டி, ஏழு மணி ரிசப்ஷன்ல பெரிய எல்இடி திரையில போடணும். அண்ணன் ஒத்துக்கிட்டாரு. இது நல்லா வந்தா மதுரை வரைக்கும் பேரு, சொதப்புனா இந்த ஊருல ஒருத்தன் கூப்பிட மாட்டான்னு அவரே சொல்றாரு. சரி, அந்தப் பேரைத் தூக்கி நிறுத்தப் போறது யாரு?

அந்த வீட்டு ஆளுங்க இன்னைக்குக் கடைக்கு வந்தாங்க. வர்றதுக்கு முன்னாடி அண்ணன் உள்ள வந்து, அவங்க போற வரைக்கும் என் அறை வாசல் திரைச்சீலையைத் தாண்டி வரவேணாம், மாடிக்கும் அந்த நேரம் ஏறவேணாம்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கென்ன. எனக்கும் எவன் மூஞ்சியும் பாக்கப் பிடிக்காது. நிம்மதியா வேலை பாத்தேன். அவசரமா பாத்ரூம் போகணும் போல இருந்துச்சு. பாத்ரூம் மாடியிலதான். அவங்க காபி குடிச்சு, ஆல்பம் பாத்து, பேசி முடிக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நிம்மதியா இருந்தேன்னு எழுதியிருக்கேன். பொய். கொதிச்சுப் போய் உக்காந்திருந்தேன்.

மே 23, வெள்ளி

அண்ணன்கிட்ட மறுபடியும் கேட்டுட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு ஃபேனையாவது திருப்ப விடுங்க, அன்னைக்கு நடுவுல நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னேன். அன்னைக்கு மில்லு வீட்டுல இருந்து ஆள் வந்து உக்காருவாங்களாம், பெட்டி பாக்க லட்சணமா இருக்கணுமாம். கிஷோர் இன்னும் ரெண்டு லைட் பட்டை வாங்கிட்டு வந்து ஷோகேஸ் ஓரத்துல ஒட்டியிருக்கான். நான் கரடியாக் கத்துறது இவங்களுக்கு மிக்ஸி ஓடுற சத்தம் மாதிரி ஆகிப்போச்சு.

ஒரு ஸ்க்ரூ டிரைவரை என் மேஜை டிராயர்ல எடுத்து வச்சிருக்கேன்.

மே 28, புதன்

பத்து மணி போல அண்ணன் மெமரி கார்டோட வந்தாரு. கூடவே மில்லு வீட்டுக் கார்ல பொண்ணோட அத்தை, ராஜாமணின்னு பேரு. அவங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தரும் வீடியோவுல விட்டுப் போகக் கூடாதுன்னு, அடையாளம் காட்ட அனுப்பியிருக்காங்க. அந்தம்மா கிஷோர் பக்கத்துல உக்காந்தாங்க. நான் உள்ள. ஓட்டை வழியா எல்லாம் தெளிவாக் கேக்குது.

வேலை நல்லாத்தான் போச்சு. முகூர்த்தம் வெட்டுறது எனக்குத் தூக்கத்துல சொன்னாலும் வரும். ஐயர் எப்பக் கையைத் தூக்குவாரு, கெட்டிமேளம் எந்த நொடியில எகிறும், பொண்ணோட அம்மா எப்பக் கண்ணைத் துடைக்கும், எல்லாம் மனப்பாடம். நீலச் சட்டை போட்டவரு எங்க சின்ன மாமனாரு, அவரைக் கொஞ்ச நேரம் காட்டுங்க தம்பின்னு அந்தம்மா சொன்னாங்க. நான் நீட்டி விட்டேன். அப்புறம் கேட்டாங்க.

"தம்பி, நீங்க ரெண்டு கையாலயும் டீ கிளாஸைப் பிடிச்சிருக்கீங்க. அது எப்படித் தானா ஓடுச்சு?"

ஆட்டோமேட்டிக்குங்க, அப்படின்னான். எனக்கு உள்ள உக்காந்து சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெயில் இந்தப் பக்கம் திரும்புச்சு. தாலி கட்டுற எடத்தைக் கோத்துக்கிட்டு இருக்கேன், திரை பொட்டுன்னு கருத்துருச்சு. கிஷோர் பொத்தானை அமுக்கித் திருப்பிப் போட்டான். ஏறி வந்து மறுபடியும் அதே எடம், மறுபடியும் கருப்பு. மூணாவது தடவை ஏறவே இல்ல. லைட்டு மட்டும் செவப்பு நீலம்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். அண்ணன் திரைச்சீலையை விலக்கிட்டு வந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு "என்ன பண்ணித் தொலைச்ச"ன்னாரு.

நான் பண்ணித் தொலைச்சேனாம்.

டிராயரைத் தொறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவரைத் தாண்டி வெளிய போனேன். ஷோகேஸ் கதவைத் தொறந்தா, அடுப்புக்குள்ள தலையை விட்ட மாதிரி அடிக்குது. ரெண்டு கையாலயும் பெட்டியைத் தூக்கி நடு மேஜையில வச்சேன். அந்த ராஜாமணி அம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. பட்டுப்புடவை, தலை நெறைய மல்லிகைப்பூ.

"மங்கை, உள்ள போ"ன்னாரு அண்ணன்.

ஆறு ஃபேனைத் திருப்பி மாட்டாம இது ஓடாதுன்னேன். கிஷோர் அந்த நேரத்துலயும் "லுக் போயிரும்க்கா"ங்குறான். அந்தம்மா அண்ணனைப் பாத்து, இவங்க யாருன்னு கேட்டாங்க.

அண்ணன் சொன்னாரு: "வேலைக்கு இருக்கிறவங்கம்மா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாப்பாங்க."

ஒரே வயித்துல பொறந்தவன். எங்கம்மா இருந்திருந்தா அந்த வாயில சூடு போட்டிருக்கும்.

"நான் இவரு கூடப் பொறந்த தங்கச்சி"ன்னேன். கத்தல. கத்துனா அழுதுருவேன்னு தெரியும். "புருசன் வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து வீட்டுல வச்சான். தாலியைக் கழட்டி மாமியா முன்னாடி மேஜையில வச்சுட்டு வந்துட்டேன். வாழாவெட்டி மூஞ்சி கல்யாண வீட்டுக்காரங்க கண்ணுல படக் கூடாதுன்னு இவரு என்னை உள்ள வச்சிருக்காரு. உங்க வீட்டுத் தாலியைக் காலையில இருந்து வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கிறது நாந்தான். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, கையை எடுத்துடுறேன்."

அந்தம்மா என் நெத்தியைப் பாத்தாங்க, கழுத்தைப் பாத்தாங்க. எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லல. ஐயோ பாவமேன்னும் சொல்லல. சுவத்துல கடியாரத்தைப் பாத்தாங்க.

"எம்புட்டு நேரமாகும்?"

"அரை மணி."

"அப்ப ஆரம்பிங்க."

அண்ணன் மன்னிச்சுக்கங்கம்மான்னு என்னமோ இழுத்தாரு. அவங்க வேலையைப் பாக்கட்டும்னு அந்தம்மா ஒரே வெட்டா வெட்டிட்டு உக்காந்துட்டாங்க.

ஒரு ஃபேனுக்கு நாலு ஸ்க்ரூ. வேர்வையில கை வழுக்குது. ஒயரு போற எடம் இருட்டா இருக்கு. எங்க இருந்தோ அண்ணி வந்து போன் லைட்டை அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆட்டாமப் பிடிங்கன்னு எரிஞ்சு விழுந்தேன். அதுவும் ஆட்டாமத்தான் பிடிச்சிருந்துச்சு. ஆறையும் திருப்புனேன். மேல் சல்லடையில அப்பியிருந்த சந்தனத்தை நகத்தால சொரண்டுனேன். அண்ணி லைட்டை அங்க திருப்பிக் காட்டுச்சு. பொத்தானை அமுக்குனதும் அதுவே போயி ஒரு ஊதுபத்தியைப் பொருத்திக் கொண்டாந்து கீழ காட்டுச்சு. புகை வளைஞ்சு உள்ள போயி மேல வழியா வெளிய வந்துச்சு. இப்பக் கண்ணாடி வழியா தெரியுறது குறுக்குக் கம்பியும் ஒயரும் ஸ்டிக்கரும்தான். எனக்கு அம்புட்டு அழகா இருந்துச்சு.

உள்ள போயி என் கீபோர்டைப் பிடுங்கிட்டு வந்தேன். கிஷோர் நாற்காலியை விட்டு எந்திரிச்சான், நான் உக்காந்தேன். அந்தம்மா பக்கத்துல இருந்து இவரு எங்க பெரியப்பா, அது சம்பந்தி வீட்டு அக்கான்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. பொண்ணோட அம்மா அழுகுற எடத்துல மட்டும், இங்க கொஞ்சம் நிறுத்துங்கன்னாங்க. நான் ஏற்கெனவே அங்க நிறுத்தித்தான் வச்சிருந்தேன். மிஷின் ஒரு தடவை கூட அமரல.

போறப்ப பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். தலையை ஆட்டிட்டுக் காருல ஏறிட்டாங்க. மண்டபத்துல திரையில ஓடுனப்ப நான் அங்க இல்ல. வீட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்.

மே 29, வியாழன்

அண்ணன் நேத்து ராத்திரி மாதிரியே பேசாம இருந்திருக்கலாம், இன்னைக்கு மொத்தமாக் கொட்டிட்டான். ஆமா, கொட்டிட்டான். இன்னைக்கு எனக்கு மரியாதை போட்டு எழுத மனசு வரல. நான் மானத்தை வாங்கிட்டேனாம். வீட்டு விசயத்தை நடுக்கடையில போட்டு ஒடச்சுட்டேனாம். அந்தம்மா ஊரு பூராம் என்ன சொல்லுமோன்னு அவனுக்குத் தூக்கமே வரலையாம்.

வேலைக்கு இருக்கிறவங்கன்னு சொன்னதைப் பத்தி ஒரு வார்த்தை வரல. நான் கேட்டேன். அது அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு, அதைப் போயி பிடிச்சுக்கிட்டு நிக்கிறியேங்குறான். அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சாகுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.

மே 31, சனி

மில்லு வீட்டு வீடியோவைப் பாத்துட்டு மதுரைப் பார்ட்டி ஒண்ணு திங்கக்கிழமை வருதாம். அண்ணன் இன்னைக்குக் குரலைத் தணிச்சுக்கிட்டு வந்தாரு. அவங்க ரொம்ப சம்பிரதாயம் பாக்குறவங்களாம். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் உள்ள இருந்துக்கணுமாம். "ஃபேனு அப்படியே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல" அப்படின்னாரு.

ஃபேனை எனக்காக விட்டுக் குடுத்துட்டாராம்! பெரிய மனசு.

நான் பதிலே சொல்லல. சரின்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அண்ணி அடுப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு, வாயைத் தொறக்கல. அதுவும் அவரு கட்சிதானே, பின்ன எப்படி இருக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

காலையில காபியோட ரெண்டு எம்-சீல் பாக்கெட்டை அண்ணி என் மேஜையில வச்சுட்டுப் போச்சு. எதுக்குன்னு நான் கேக்கல, அதுவும் சொல்லல. குழாய் ஒழுகுறதுக்கு வாங்குனதை மறந்து வச்சிருச்சோ என்னமோ.

இன்னைக்குக் கடை தொறக்கல. அண்ணன் ஒரு நிச்சயதார்த்தம் எடுக்கப் போயிட்டாரு. கேபிளை உருவிச் சுருட்டி அவரு மேஜையில வச்சேன். எம்-சீல்ல ரெண்டு கலர் மாவு இருக்கும். ஒரே கலர் ஆகுற வரைக்கும் பெசஞ்சேன். கட்டை வெரல் வலிக்க வலிக்கப் பெசஞ்சேன். சுவத்து ஓட்டையில இந்தப் பக்கம் இருந்து பாதி, அந்தப் பக்கம் இருந்து பாதி வச்சு அமுக்கி, மேல வழிச்சு விட்டேன். ஒரு பாக்கெட்டு பத்தியிருக்காது. ரெண்டு சரியா இருந்துச்சு.

சாயங்காலம் தட்டிப் பாத்தேன். கல்லாட்டம் இருக்கு.

ஜூன் 2, திங்கள்

என் சீட்டு மெத்தையை முன்னாடி நாற்காலியில போட்டு, கடை தொறந்ததுல இருந்து உக்காந்துட்டேன். கிஷோர் வந்து பாத்துட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டான். அவன் கீபோர்டை சார்ஜர்ல இருந்து பிடுங்கி, லைட்டை அணைச்சு, டப்பாவுக்குள்ள வச்சான்.

அண்ணன் கேபிளைத் தூக்கிட்டு பின்னறைக்குப் போனாரு. சுவத்தைத் தடவுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து வெளிய வந்தாரு. வாயைத் தொறக்குறதுக்குள்ள மதுரைப் பார்ட்டி உள்ள வந்துட்டாங்க. அப்பா, அம்மா, பொண்ணு. அம்மா கையில பத்திரிகை.

மொதல்ல மிஷினைத்தான் பாத்தாங்க. உள்ள என்ன இம்புட்டு ஒயராத் தெரியுதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அப்பத்தான் காத்து உள்ள போகும்னேன். இதுல யாரு எடிட்டிங் பாக்குறதுன்னு அந்தம்மா கேட்டாங்க. அண்ணன் தொண்டையைச் செருமுனாரு.

"நாந்தான்"னேன்.

அந்தம்மா கண்ணு என் நெத்திக்குப் போச்சு, கழுத்துக்குப் போச்சு. போகத்தான் செய்யும். பத்திரிகையை நீட்ட வந்த கை நடுவுலயே நின்னுச்சு. பைய அண்ணி பக்கம் திரும்புச்சு. கடையில பொட்டும் பூவுமா நிக்கிறது அண்ணிதானே.

அண்ணி வாங்கல. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டு, என்னமோ குளிரடிக்கிற மாதிரி நின்னுச்சு. அண்ணனைப் பாத்தா, அவரு ரெண்டு கையிலயும் கேபிள் சுருளு. கிஷோர் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தான். அந்தம்மா கை எம்புட்டு நேரம் அப்படி நின்னுச்சோ தெரியல. நானும் எந்திரிக்கல, கையும் நீட்டல. நீட்டுனா கெஞ்சுற மாதிரி ஆயிரும். அண்ணி மட்டும் வாயைத் தொறந்துச்சு.

"அவங்ககிட்டயே குடுங்க. அவங்கதான் பாக்குறவங்க."

குடுத்தாங்க. ரெண்டு கையாலயும் குடுத்தாங்க, ரெண்டு கையாலயும் வாங்குனேன். மஞ்சள் காயவே இல்ல. வெரலெல்லாம் ஒட்டிருச்சு. இப்ப எழுதுறப்ப இந்தப் பக்கத்துலயும் ரெண்டு மூணு எடத்துல ஒட்டியிருக்கு.

ஒட்டட்டும்.